அந்தமான் போகிறவர்களுக்கு: கடைசி இரவு போர்ட் பிளேயரில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளித் தேர்வுகள் முடியும் நேரம் வந்தால் நாளிதழ்களில் அந்தமான் பேக்கேஜ் விளம்பரங்கள் வரிசை கட்டும். ‘4 இரவு, 5 பகல், ஐந்து தீவுகள், விமானக் கட்டணம் உட்பட’ என்பது வழக்கமான வாசகம். விலை கூடவா குறைவா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த நிரலை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் எத்தனை மணிப் படகு என்று குறித்துப் பாருங்கள். மூன்றாம் நாளிலேயே கணக்கு இடிக்கும். ஊட்டி, கொடைக்கானலுக்குப் போவதுபோல் பார்க்க வேண்டிய இடங்களை வைத்து நாளைப் பிரித்தால் அந்தமானில் சரிப்படாது. படகு நேரத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சுருக்கி வெளியிடுவது தங்கள் விருப்பம்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். போர்ட் பிளேயருக்கு 2024 செப்டம்பர் முதல் அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லாக் 2018-இன் இறுதியிலேயே ஸ்வராஜ் த்வீப் ஆகிவிட்டது, நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆனது. டிக்கெட்டில் ஒரு பெயரும் ஹோட்டல் ரசீதில் இன்னொரு பெயரும் இருக்கும், பயப்பட வேண்டாம். பேச்சு வழக்கில் பழைய பெயர்களே ஓடுவதால் இங்கும் அவற்றையே எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம் போனால் போர்ட் பிளேயர். எல்லாரும் பார்க்கப் போகிற வெள்ளை மணலும் பவளப் பாறையும் ஹேவ்லாக், நீல் தீவுகளில் இருக்கின்றன. இரண்டும் அங்கிருந்து வடகிழக்கே 40 கிலோமீட்டர் அளவில். விமான நிலையம் அந்தத் தீவுகளில் கிடையாது. போவதும் வருவதும் கடல் வழிதான். இந்த ஒரு விஷயத்தை மறப்பதால்தான் பாதிப் பயணங்கள் கெடுகின்றன.

ஆகவே முதல் விதி: ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேயரில் தங்குங்கள். காலையில் ஹேவ்லாக்கில் படகு ஏறி மதியம் விமானத்தைப் பிடிக்கும் திட்டத்தில் ஓர் இரவு வாடகை மிச்சமாவது போலத் தெரியும். படகு ஒரு மணி நேரம் தாமதமானாலோ, காற்று அதிகம் என்று ஜெட்டியிலேயே (படகுத்துறையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) நிறுத்தி வைத்தாலோ விமானம் போனது போனதுதான். படகை ரத்து செய்தால் படகுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். விமான டிக்கெட்டுக்குப் படகுக்காரர் பொறுப்பில்லை. விமானமும் நேரத்துக்குக் கிளம்பியிருக்கும், விமான நிறுவனமும் கையை விரிக்கும். அன்றன்றைக்கு விற்கும் விலையில் நான்கு பேருக்கு மறுபடி டிக்கெட் எடுத்துப் பாருங்கள், மிச்சம் பிடித்த வாடகை எந்த மூலைக்கு?

வரும் நாளுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். விமானம் எட்டரைக்கு இறங்கும், பத்து மணிப் படகில் நேரே ஹேவ்லாக் என்று முகவர்கள் போட்டுத் தருவார்கள். பெட்டி வந்து சேர வேண்டும், ஜெட்டிக்குப் போக வேண்டும், படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே அடையாள அட்டையோடு நிற்க வேண்டும். இடைவெளி மூன்று மணி நேரத்துக்குக் குறைந்தால் அந்தத் திட்டத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். மோசமான வானிலையில் விமானம் இறங்க முடியாமல் சென்னைக்கே திரும்புவதும் உண்டு. பக்கத்தில் ஒதுங்க வேறு பெரிய விமான நிலையம் இல்லை. எந்த நாளில் எந்தப் படகு, கடைசி இரவு எந்த ஊரில் என்ற இரண்டு விவரங்களையாவது விளம்பரத்தில் அச்சிட்டால்தான் இடம் தருவோம் என்று தங்கள் விளம்பரப் பிரிவு சொன்னால் பெரிய உபகாரமாக இருக்கும். நடக்குமா என்பது வேறு கேள்வி.

நவம்பர், டிசம்பரில் தங்கள் வானிலைச் செய்தியில் ‘தெற்கு அந்தமான் கடல் பகுதியில் புதிய காற்றழுத்தத் தாழ்வு’ என்ற வரி அடிக்கடி வரும். சென்னைக்கு மழை உண்டா, பள்ளிக்கு லீவு உண்டா என்று பார்ப்பதோடு நாம் அதை விட்டுவிடுகிறோம். அந்தமானுக்கு டிக்கெட் எடுத்தவருக்கோ அது படகு நிற்கப் போகும் செய்தி. 2016 டிசம்பர் முதல் வாரத்தில் அப்படி உருவான ஒரு தாழ்வினால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் ஹேவ்லாக்கில் நாட்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டன. அதே தாழ்வு வலுத்து வர்தா புயலாகி, டிசம்பர் 12 அன்று சென்னையைப் புரட்டிப் போட்டது. நம் ஊருக்கு வந்து சேர அதற்குப் பல நாள் ஆனது, அங்கிருந்தவர்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

எப்போது போவது என்பதை நம் பள்ளி விடுமுறைகளை வைத்தே பார்க்கலாம். காலாண்டு விடுமுறையில் அங்கே தென்மேற்குப் பருவமழை ஓய்ந்திருக்காது. தீபாவளி விடுமுறை புயல் பருவத்தில் விழுகிறது. அரையாண்டு விடுமுறையில் வானிலை பெரும்பாலும் தேறிவிடும், ஆனால் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை இந்தியா முழுவதும் அங்கேதான் இருக்கும். இரண்டு மாதம் முன்பே படகு டிக்கெட் எடுக்காதவர் ஜெட்டியில் நின்று கடலை வேடிக்கை பார்க்கலாம். என்னைக் கேட்டால் பொங்கலை ஒட்டிய வாரம்தான் சிறந்தது. புத்தாண்டுக் கூட்டம் கலைந்திருக்கும், கடலும் அடங்கத் தொடங்கியிருக்கும். பிள்ளைகளின் படிப்புக் கவலை இல்லாதவர்களுக்கு பிப்ரவரி, மார்ச். கோடை விடுமுறை என்றால் ஏப்ரல், நீட்டினால் மே முதல் வாரம். கேரளத்துக்கு ஜூன் 1 வாக்கில் வரும் பருவமழை அந்தமானுக்கு மே மூன்றாம் வாரத்திலேயே வந்துவிடும். 2025-இல் மே 13 அன்றே தெற்கு அந்தமான் கடலைத் தொட்டுவிட்டது. மே கடைசியில் ‘ஆஃபர்’ என்று பாதி விலைக்குக் கொடுப்பதன் ரகசியம் இதுதான்.

ஆறு இரவு இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். முதல் இரவு போர்ட் பிளேயர், பிற்பகலில் செல்லுலார் சிறை. 1906-இல் கட்டி முடித்தபோது ஏழு சிறகுகள், இன்று நிற்பவை மூன்று. சாயங்கால ஒலி-ஒளிக் காட்சிக்கு முன்பே பகல் வெளிச்சத்தில் ஒரு முறை உள்ளே நடந்துவிடுங்கள், அப்போதுதான் காட்சியில் சொல்வது எந்த இடம் என்று புரியும். இரண்டாம் நாள் காலைப் படகில் ஹேவ்லாக், அங்கே இரண்டு இரவு. நான்காம் நாள் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணத்தில் நீல், அங்கே இரண்டு இரவு. ஆறாம் நாள் போர்ட் பிளேயர் திரும்பி, மறுநாள் விமானம். நான்கே இரவுதான் கிடைக்கும் என்றால் நீலை விட்டுவிடுங்கள். இரண்டையும் திணித்தால் ஜெட்டியும் பெட்டியும்தான் நினைவில் நிற்கும்.

முன்பதிவில் முதலில் விமானம், அன்றே படகு, பிறகு அறை. அறையை மாற்றிக்கொள்ளலாம், படகு இருக்கையை அப்படி மாற்ற முடியாது. மக்ரூஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் போன்ற தனியார் படகுகள் ஹாடோ ஜெட்டியிலிருந்து கிளம்புகின்றன, ஹேவ்லாக்குக்கு ஒன்றரை மணி நேரம் அளவில் ஆகும். அரசுக் கப்பல்கள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து, இரண்டரை மணி நேரம். இரண்டு ஜெட்டியும் வேறு வேறு இடம், ஆட்டோ ஏறும் முன் டிக்கெட்டைப் பாருங்கள். அரசுக் கப்பலில் கட்டணம் தனியாரை ஒப்பிட்டால் மிகக் குறைவு, திறந்த தளத்தில் காற்று வாங்கலாம். ஆனால் டிக்கெட் வெகு முன்னதாகக் கிடைக்காது, இருக்கைகளில் தீவுவாசிகளுக்கே முன்னுரிமை. அது நியாயம்தான், ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் போய்வர அவர்களுக்கு அதுதான் டவுன் பஸ். பயணத் திட்டத்தைத் தனியார் படகில் போடுங்கள், அரசுக் கப்பலை மாற்று வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

குமட்டல் மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. வயிறு புரட்டத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. மருத்துவரிடம் முன்பே கேட்டு வாங்கி, படகு கிளம்ப முக்கால் மணி, ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். வெறும் வயிறும் ஆகாது, பூரி மசாலாவும் ஆகாது. இரண்டு இட்லி போதும். கீழ்த் தளத்தில் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு, முன்பக்கம் தூக்கிப் போடும். செல்போனைக் குனிந்து பார்த்தால் தலை சுற்றும், ஜன்னல் வழியே தொடுவானத்தைப் பார்ப்பது நல்லது.

இனி வெயில் கணக்கு. போர்ட் பிளேயர் ஏறக்குறைய நம் சேலத்தின் அட்சரேகையில்தான் இருக்கிறது, ஆனால் சென்னைக்கு பன்னிரண்டரை டிகிரி கிழக்கே. கடிகாரம் ஒன்றே என்றாலும் சூரியன் சுமார் 50 நிமிடம் முந்திக்கொள்ளும். நவம்பர், டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் அஸ்தமனம், ஐந்தரைக்கு இருட்டு. ‘நான்கு மணிக்கு டீ குடித்துவிட்டு ராதாநகர் போகலாம்’ என்று உட்கார்ந்தவர்கள் வானத்தின் கடைசிச் சிவப்பைத்தான் பார்ப்பார்கள். ஹேவ்லாக்கின் அந்தக் கடற்கரை ஜெட்டியிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தள்ளி மேற்குக் கரையில் இருக்கிறது. மூன்று மணிக்கே அங்கே இருக்க வேண்டும். அதற்கு ஈடாகக் காலை ஐந்தரைக்கே நல்ல வெளிச்சம் வந்துவிடும். சூரிய உதயத்துக்குக் கிழக்குக் கரையில் காலாபத்தர் கடற்கரை. பிள்ளைகளைச் சீக்கிரம் தூங்க வைத்து, சீக்கிரம் எழுப்புவதுதான் வழி.

சூரியனைவிட அதிகம் ஏமாற்றுவது கடல் ஏற்ற இறக்கம். நம் மெரினாவில் இது பெரிதாகத் தெரியாது. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இரண்டு மீட்டர் அளவு வித்தியாசம் இருக்கும். கரை சரிவில்லாமல் தட்டையாக இருப்பதால், ஹேவ்லாக்கின் விஜயநகர் கடற்கரையிலும் நீலின் பல இடங்களிலும் தண்ணீர் வெகு தூரம் பின்வாங்கிப் பாறையும் செத்த பவளமும் தெரிய நிற்கும். படத்தில் பார்த்த பச்சைக் கடல் எங்கே என்று கேட்பவர்கள் அந்த நேரத்தில் வந்து இறங்கியவர்கள். வெறுங்காலோடு நடந்தால் கால் கிழியும், கடல் முள்ளெலி குத்தும். ரப்பர் அடி உள்ள பழைய ஷூ ஒன்று கட்டாயம் வேண்டும்.

நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். மறுநாள் அதே நிலை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். பயண நாட்களுக்கான நேரத்தை இணையத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஹோட்டல் வரவேற்பறையிலும் சொல்வார்கள். நீலில் இருக்கும் இயற்கைப் பாறைப் பாலத்தை, வங்காளிகள் அங்கே அதை ‘ஹவுரா பாலம்’ என்பார்கள், வற்றத்தில்தான் நடந்து போய்ப் பார்க்க முடியும். நீச்சலுக்கு நேர் எதிர், ஏற்றத்தில்தான். ராதாநகரில் மணல் தரை என்பதால் இந்தத் தொல்லை குறைவு. வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியே பாதி வழி காட்டும்: அமாவாசை, பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பின் போனால் பாறைப் பாலத்துக்கு நல்லது, அஷ்டமியை ஒட்டிப் போனால் வித்தியாசம் குறைந்து நாள் முழுவதும் ஓரளவு ஒரே மட்டம். எங்கே குளிக்கலாம் என்பதை மட்டும் உயிர்காப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதலை எச்சரிக்கைப் பலகைகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. 2010-இல் ராதாநகரை ஒட்டிய பகுதியில் ஒரு வெளிநாட்டுப் பயணியை முதலை கொன்றிருக்கிறது. கழிமுகம், அலையாத்திக் காடு அருகே தண்ணீரில் இறங்க வேண்டாம்.

ஸ்கூபா, அதாவது காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்கிப் பார்ப்பது: நீச்சல் தெரியாவிட்டாலும் பயிற்சியாளர் பிடித்துக்கொண்டு 12 மீட்டருக்குள் கூட்டிப்போவார். வயது 10 ஆக வேண்டும். ஆஸ்துமா, காதில் சீழ், இதய நோய் இருந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். சளி பிடித்திருந்தால் அன்று விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். காரணம், இறங்க இறங்க நீரழுத்தம் செவிப்பறையை உள்ளே தள்ளும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி அதைச் சமன்செய்ய வேண்டும், அடைத்த மூக்கில் அது நடக்காது. வலி வந்த பிறகு ஊதினால் இன்னும் வலிக்கும். ஒவ்வொரு மீட்டருக்கும் முன்கூட்டியே ஊத வேண்டும், அடைத்துக்கொண்டால் சற்று மேலே வந்து மறுபடி முயல வேண்டும். மீசைக்காரர்களுக்குத் தனித் தொல்லை, மாஸ்க்கின் விளிம்பு தோலில் ஒட்டாமல் தண்ணீர் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்தால் தீர்ந்தது. மீசையா மீனா என்று அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

மூழ்கிய பிறகு குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு நாள் முழுவதும் விமானம் ஏறக் கூடாது. அழுத்தத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழியாகும். மூட்டு வலியில் தொடங்கி நரம்பு வரை பாதிக்கும். கடைசி நாள் காலையில் ஸ்கூபா, மாலையில் விமானம் என்று நிரல் போட்டுத் தருகிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

பாரடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளைப் பலரும் சேர்த்துவிடுகிறார்கள். 100 கிலோமீட்டர் சாலை, விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசை, போலீஸ் காவலோடு வாகன அணிவகுப்பு, பிறகு படகு, நடை, அதே வழியில் திரும்புதல். ஒரு நாள் முழுதாகப் போகும். ஒரு வாரத்துக்குக் குறைவான பயணத்தில் அதற்கு இடமில்லை என்பதே என் கருத்து. அந்தச் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டைக் கிழித்துக்கொண்டு போகிறது. உச்ச நீதிமன்றம் 2002-லேயே சாலையின் அந்தப் பகுதியை மூட உத்தரவிட்டது, ஆனாலும் வண்டிகள் ஓடுகின்றன. வழியில் வண்டியை நிறுத்துவதும், படம் எடுப்பதும், பிஸ்கட் நீட்டுவதும் குற்றம். ‘ஜாரவாவைக் காட்டுகிறேன்’ என்று ஆசை காட்டும் டிரைவரை அங்கேயே மாற்றிவிடுங்கள்.

சில்லறை விஷயங்கள். சென்னையிலிருந்து கடலடியில் 2,300 கிலோமீட்டர் கண்ணாடி இழைக் கேபிள் 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட பிறகு போர்ட் பிளேயரிலும் ஹேவ்லாக்கிலும் இணையம் தேறியிருக்கிறது. நீலில் இன்னும் நம்ப முடியாது, கியூ-ஆர் கோடு சுற்றிக்கொண்டே நிற்கும். நீலுக்குப் போகும் முன் ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். படகு டிக்கெட்டைச் செல்போனில் படமாகச் சேமித்தால் போதாது, ஒரு அச்சுப் பிரதியும் வேண்டும். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்க அசல் ஓட்டுநர் உரிமம் கொண்டுபோங்கள். போர்ட் பிளேயரில் தமிழிலேயே காரியம் முடியும், ஹேவ்லாக்கிலும் நீலிலும் வங்காளமும் இந்தியும்தான். அந்தி நேரத்தில் மணலில் படுக்காதீர்கள். மணல் ஈ கடித்தது அப்போது தெரியாது, மறுநாள் கால் முழுக்கத் தடிப்பாக எழும்பி வாரக்கணக்கில் அரிக்கும். முழங்காலுக்குக் கீழே கொசு விரட்டி தடவிக்கொண்டு, விரிப்பில் உட்காரலாம். பெரிய மருத்துவமனை போர்ட் பிளேயரில்தான், தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூன்று நாள் அதிகமாகவே எடுத்துச் செல்லட்டும்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போகலாம், மூன்று நாள் அளவில் ஆகும். மாதத்தில் சில பயணங்களே, தேதியும் நகரும். இரண்டு வாரத்துக்கு மேல் கையில் இருந்து, திரும்பும் தேதியைப் பற்றிக் கவலையும் இல்லாதவருக்கு அது நல்ல அனுபவம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

கடைசியாக, திரும்பும்போது பெட்டியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கரையில் கிடந்த செத்த பவளத் துண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம்தான். விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரியும், பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், பறிமுதலோடு விட்டால் அதிர்ஷ்டம். கடையில் வாங்கிய சிப்பிப் பொருளாக இருந்தால் ரசீதைப் பெட்டியில் போட்டுவிடாமல் கையில் வைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் பொறுக்கியதை ஹேவ்லாக்கிலேயே, படகு ஏறும் முன் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள். பென்சில் டப்பாவையும் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வேளச்சேரி, சென்னை